விளாதிமிரும் வொலொதிமிரும்: ஒரு ஸ்லாவியப் பெயரின் வரலாறு

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த நாளிலிருந்து விளாதிமிர் புதின், வொலொதிமிர் ஸெலென்ஸ்கி என்னும் இரு பெயர்களும் நம் நாளிதழ்களில் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகி வருகின்றன. போரிடும் இரு நாடுகளின் அதிபர்களுக்கும் பெயர் ஒன்றுதான் என்பது வாசகர் பலருக்கும் தெரியும். ஆனால் ரஷ்ய வடிவமே மூலம், உக்ரைனிய வடிவம் அதன் வட்டாரத் திரிபு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உக்ரைனிய வடிவமே பழையது, ரஷ்யர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள் என்று மறுபுறம் வாதிடுவோரும் உள்ளனர். பெயரின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் இரண்டு கூற்றுகளுமே நிற்கவில்லை. ஒரே வேரிலிருந்து கிளைத்த இவ்விரு வடிவங்களும் பதினோராம் நூற்றாண்டுக் கீவ் நகரத்தில் அக்கம்பக்கமாகவே வழங்கின. ஒன்று கோயில் மொழியிலும் மற்றொன்று வீட்டுப் பேச்சிலும் வாழ்ந்தன. அவற்றுக்கு நாட்டு எல்லை வகுத்தது மிகவும் பிந்தைய காலம்.

பழைய ஸ்லாவியப் பெயர்களில், குறிப்பாக ஆளும் குடும்பங்களின் பெயர்களில், பெரும்பாலானவை இரு சொற்களை இணைத்து அமைந்தவை. யாரொஸ்லாவ், ஸ்வியாதொஸ்லாவ், ஸ்தனிஸ்லாவ், கஸிமிர், ஒஸ்த்ரொமிர் என்று அந்த வரிசை நீளும். புகழ், வலிமை, ஆட்சி, புனிதம் போன்ற பொருள்தரும் சில சொற்கள் முன்பாதியாகவும் பின்பாதியாகவும் மாறிமாறி வரும். தந்தையின் பெயரிலிருந்து ஒரு பாதியையும் முன்னோர் பெயரிலிருந்து மறு பாதியையும் எடுத்துக் குழந்தைக்குப் பெயர் கட்டும் வழக்கம் இருந்ததால், இரு பாதிகளையும் ஒட்டிப் படித்து முழுப் பொருள் காண்பது எப்போதும் சரியாக அமையாது. கிரேக்கம், ஜெர்மானியம், சமஸ்கிருதம் ஆகியவற்றின் பழம்பெயர்களிலும் இதே கட்டமைப்பு உண்டு. ஆகவே இது ஸ்லாவியர் தனியே கண்டுபிடித்தது என்பதைவிட, இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் பொதுச் சொத்து என்பதே பொருந்தும்.

நம் பெயரின் ஆதி வடிவத்தை மொழியியலாளர்கள் ஏறத்தாழ ‘வோல்திமேர்’ என்று மீட்டமைக்கிறார்கள். முன்பாதியான ‘வோல்த்’ என்பதற்கு ஆளுதல் என்று பொருள். லித்துவேனிய மொழியின் ‘வால்தீத்தி’, ஜெர்மன் மொழியின் ‘வால்டன்’ ஆகிய வினைச்சொற்கள் இதன் உறவினர்கள். பின்பாதியான ‘மேர்’ பெரிய, பெயர்பெற்ற என்னும் பொருளுடையது. பழைய கோத்திய அரசர்களின் பெயர் ஈற்றில் வரும் ‘மேர்’, ஐரிஷ் மொழியில் பெரிய என்று பொருள்படும் ‘மோர்’ ஆகியவை இதற்கு இனமானவை. ஆட்சியால் பெருமை பெற்றவன் என்பது இப்பெயரின் பொருளுக்கு மிக நெருங்கிய விளக்கம்.

முன்பாதி எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பதற்கு ஸ்லாவிய மொழிகளில் நிகழ்ந்த ஓர் ஒழுங்கான ஒலிமாற்றமே காரணம். உயிரொலிக்குப் பின் ர், ல் வந்து, அதையடுத்து மெய்யொலி வரும் அமைப்பை அம்மொழிகள் ஒரு கட்டத்தில் ஏற்க மறுத்தன. ஒவ்வொரு கிளையும் இதைத் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. பல்கேரியர், செர்பியர் முதலான தெற்கு ஸ்லாவியரும் செக் மக்களும் ‘வோல்த்’ என்பதை முன்பின்னாக மாற்றி ‘விளாத்’ என்றனர். இன்றைய ரஷ்யர், உக்ரைனியர், பெலாருஸியரின் முன்னோரான கிழக்கு ஸ்லாவியர் இடையில் இன்னோர் உயிரைச் செருகி ‘வொலொத்’ என்றனர். போலந்தில் அது ‘வ்லொத்’ ஆயிற்று. நகரத்தைக் குறிக்கும் சொல்லும் இப்படித்தான் பிரிந்தது. செர்பியாவின் பெல்கிரேடு நகரப் பெயரில் ‘கிராத்’ என்றும், ரஷ்யாவின் நோவ்கொரொத் நகரப் பெயரில் ‘கொரொத்’ என்றும் நாம் கேட்பது ஒரே சொல்லைத்தான். பொன் என்பது பல்கேரியாவில் ‘ஸ்லாத்தோ’, ரஷ்யாவில் ‘ஸொலொத்தோ’. போலந்து நாணயமான ஸ்லோட்டியின் பெயரும் அதே பொன்தான். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் விளாதிமிர், வொலொதிமிர், போலிஷ் மொழியின் வ்லொஜிமியெஷ் ஆகிய மூன்றும் ஒரே தலைமுறையில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது விளங்கிவிடும். ஒன்றை மற்றொன்றின் சிதைவு என்பதற்கு மொழியியலில் இடமே இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ரஷ்யமும் கிழக்கு ஸ்லாவிய மொழிதான். அப்படியானால் அங்கும் வொலொதிமிர்தானே வழங்கியிருக்க வேண்டும்? விளாதிமிர் எங்கிருந்து வந்தது? அதன் விடை தேவாலய வரலாற்றில் உள்ளது. 863-ஆம் ஆண்டு கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து, இன்றைய செக் நாட்டுப் பக்கம் இருந்த மொராவியாவுக்குப் புறப்பட்ட கிரில், மெதோதியஸ் என்னும் சகோதரர்கள், தாங்கள் பிறந்த தெசலோனிக்கா நகரைச் சுற்றி வழங்கிய ஸ்லாவியப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு வேதநூல்களை மொழிபெயர்த்தார்கள். அது தெற்கு ஸ்லாவியப் பேச்சு. அவர்களுடைய சீடர்கள் வழியாக அம்மொழி பல்கேரியாவில் வேரூன்றி, பின்னர் கீவ் நாடு கிறித்தவத்தைத் தழுவியபோது வழிபாட்டு நூல்களோடு வடக்கே சென்றது. அன்றுமுதல் கிழக்கு ஸ்லாவியர் வேதத்தைத் தெற்கத்திய ஒலியோடு வாசித்து, தெருவில் தங்கள் சொந்த ஒலியோடு பேசினார்கள். இன்றைய ரஷ்ய மொழிக்குள்ளேயே இந்த இரட்டை வாழ்வின் தடங்கள் உண்டு. அதிகாரம் என்பதற்கு அங்கே ‘விளாஸ்த்’ என்ற தேவாலயச் சொல் வழங்குகிறது. பழைய ஊராட்சி வட்டத்தைக் குறித்த ‘வொலொஸ்த்’ என்பது அதே வேரிலிருந்து வந்த நாட்டுச் சொல். உயர்ந்ததற்குக் கோயில் வடிவமும் அன்றாடத்துக்கு ஊர் வடிவமும் என்ற இந்தப் பங்கீடு, அரசர் பெயரிலும் தன் வேலையைச் செய்தது.

பின்பாதியின் கதை வேறு. ‘மேர்’ என்ற சொல் ஸ்லாவியப் பேச்சிலிருந்து தனிச்சொல்லாக மறைந்துபோனதால், அதன் பொருள் மக்களுக்கு மறந்தது. ஒலியில் நெருங்கிய ‘மிர்’ என்ற சொல்லோ அமைதி என்றும் உலகம் என்றும் பொருள்தந்து நாள்தோறும் வழங்கியது. பெயரின் ஈற்றை மக்கள் இச்சொல்லோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். உலகை ஆள்பவன், அமைதியின் தலைவன் என்று இன்று பெயர் அகராதிகள் தரும் விளக்கங்கள் அவ்வாறு பிறந்தவைதான். அவை பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் அப்படித்தான் உணர்ந்தார்கள் என்பதும் வரலாறுதான். ஆனால் பிறப்பு விளக்கமாக அதை ஏற்க முடியாது. பழைய கீவ் வரலாற்றேடுகள் இப்பெயரை மிகுதியாக ‘வொலொதிமெர்’ என்றே எழுதுகின்றன. போலிஷ் வடிவத்தின் ஈற்றிலும், கஸிமியெஷ் என்னும் அவர்களுடைய மற்றோர் அரசப் பெயரிலும், இன்றுவரை எகரமே நிற்கிறது. மக்கள் விளக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதைப் பழைய ரஷ்ய எழுத்துமுறை காட்டுகிறது. 1918-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன், அமைதியைக் குறிக்கும் ‘மிர்’ ஓர் இகர எழுத்தாலும், உலகைக் குறிக்கும் ‘மிர்’ வேறோர் இகர எழுத்தாலும் எழுதப்பட்டன. விளாதிமிர் என்ற பெயரை உலகத்துக்குரிய எழுத்தால் எழுதினார்கள். எழுத்துக்கூட்டலே பெயருக்கு உலகாளும் பொருளைக் கொடுத்துவிட்டது. சீர்திருத்தம் அந்த எழுத்தை நீக்கியதும் அந்த வேறுபாடும் மறைந்தது.

பதிவுகளில் நமக்குத் தெரியவரும் மிகப் பழைய விளாதிமிர்களில் ஒருவர் பல்கேரியாவை 889 முதல் 893 வரை ஆண்டவர். அவருடைய தந்தை முதலாம் போரிஸ்தான் பல்கேரியாவைக் கிறித்தவ நாடாக்கியவர். தந்தை துறவுமடம் புகுந்ததும் மகன் பழைய சமயத்தை மீட்க முயன்றார். போரிஸ் மடத்தைவிட்டு வெளியே வந்து, மகனைப் பதவியிலிருந்து இறக்கி, கண்களைக் குருடாக்கி, இளைய மகன் சிமியோனை அரியணையில் அமர்த்தினார். நூறு ஆண்டுகள் கழித்து அதே பெயர்கொண்ட கீவ் அரசர் ஒருவர் தம் நாட்டுக்கு ஞானஸ்நானம் தந்து புனிதராகிறார். இப்பெயர் கிறித்தவத்தோடு பிறந்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கீவ் அரச குடும்பம் வடக்கேயிருந்து வந்த ஸ்காண்டிநேவிய வம்சம். ரூரிக், ஒலெக், ஈகோர், ஒல்கா என்னும் தொடக்ககாலப் பெயர்கள் எல்லாம் வடநாட்டுப் பெயர்களே. ஈகோருக்கும் ஒல்காவுக்கும் பிறந்த மகனுக்கு ஸ்வியாதொஸ்லாவ் என்ற ஸ்லாவியப் பெயர் சூட்டியபோது அந்தக் குடும்பம் குடிமக்களின் மொழிக்குள் வந்துசேர்ந்தது. ஸ்வியாதொஸ்லாவின் மகன்தான் நம் வொலொதிமிர். மாலூஷா என்னும் பணிப்பெண்ணுக்குப் பிறந்தவர் என்பதால் ஏளனத்துக்கு ஆளான அவர், அண்ணன் யாரொபொல்க்கை ஒழித்துவிட்டுக் கீவைக் கைப்பற்றினார். முதலில் பெரூன் முதலான தெய்வங்களுக்கு மலைமேல் சிலைகள் நிறுத்தி வழிபட்டவர், 988-ஆம் ஆண்டையொட்டி ஞானஸ்நானம் பெற்று, பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தங்கை அன்னாவை மணந்தார். ஞானஸ்நானப் பெயராக அவர் ஏற்றதும் அந்த மைத்துனரின் பெயரைத்தான்: பசில் என்பதன் ஸ்லாவிய வடிவமான வஸீலி.

ஆக, அவருக்கு இரண்டு பெயர்கள். அக்காலத்து இளவரசர்கள் அனைவருக்கும் இப்படித்தான். தேவாலயத்துக்குக் கிரேக்கப் புனிதர் பெயர் ஒன்று, நாட்டுக்கும் குலத்துக்கும் ஸ்லாவியப் பெயர் ஒன்று. இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் அவருடைய கொள்ளுப்பேரன் வொலொதிமிர் மொனொமாக். தம் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய அறிவுரை, 1377-ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்ட லாவ்ரெந்தி வரலாற்றேட்டில் ஒரே ஒரு படியாகப் பிழைத்திருக்கிறது. ஞானஸ்நானத்தில் வஸீலி என்றும், ‘ரூஸ்’ எனப்பட்ட கீவ் நாட்டுப் பெயரால் வொலொதிமிர் என்றும் தாம் அழைக்கப்பட்டதாக அதன் தொடக்கத்திலேயே அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். கொள்ளுப்பாட்டனின் கிறித்தவப் பெயரும் குலப்பெயரும் சேர்ந்தே கொள்ளுப்பேரனுக்கு வந்துள்ளன. பெயரன் என்ற சொல்லே பேரன் ஆன நம் வழக்கத்தைப் போலவே அவர்களும் முன்னோர் பெயரைச் சந்ததிக்கு இட்டு, ஆளும் உரிமையையும் அதனோடு கைமாற்றினார்கள்.

மொனொமாக் எழுதியது வொலொதிமிர். ஆனால் அவருடைய கொள்ளுப்பாட்டன் அடித்த வெள்ளிக்காசுகளில் எழுதியிருப்பது என்ன? ஒரு பக்கம் அரசர் சிங்காதனத்தில் அமர்ந்திருக்கிறார். விளாதிமிர் அரியணையில் இருக்கிறார், இது அவருடைய வெள்ளி என்று சுற்றிலும் எழுத்துகள் ஓடுகின்றன. கீவ் நகரில், கீவ் அரசருக்காக அடித்த காசில், தெற்கத்திய தேவாலய வடிவமே காணப்படுகிறது. இந்தக் காசையும் அந்த அறிவுரையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், விளாதிமிர் மாஸ்கோவுக்கும் வொலொதிமிர் கீவுக்கும் தொன்றுதொட்டு உரியவை என்று சொல்ல மாட்டார். மாஸ்கோ பக்கமும் கணக்கு அப்படியே. பதினாறாம் நூற்றாண்டில் ரஷ்ய அரசர் ‘பயங்கர’ ஈவான் தம் பட்டங்களை அடுக்கும்போது விளாதிமிர் நகரத்தின் தலைமையை ‘வொலொதிமெர்ஸ்கி’ என்றே எழுதச் செய்தார். ரஷ்ய அலுவல் எழுத்திலும் நாட்டு வடிவம் நெடுங்காலம் உயிரோடிருந்தது. பிற்கால ரஷ்யத்தில் தேவாலய வடிவம் முழுமையாக வென்றது. உக்ரைனியத்தில் நாட்டு வடிவம் வென்றது. பெலாருஸில் வழங்கும் உலாத்ஸிமிர் முன்னதன் பக்கம் சேர்கிறது.

இப்பெயர் பிழைத்ததற்கும் தேவாலயமே காரணம். நாட்காட்டியில் புனிதராக இடம்பெறாத ஸ்லாவியப் பெயர்கள் ஞானஸ்நானத்தில் சூட்டப்படாமல் மெல்ல வழக்கொழிந்தன. அரசரின் மக்கள் போரிஸும் கிளேபும் தங்கள் ஞானஸ்நானப் பெயர்களை விட்டுக் குலப்பெயர்களாலேயே புனிதர்களாகப் போற்றப்பட்டார்கள். தந்தையும் பின்னர் அவ்வாறே ஏற்கப்பட்டார். அவர் இறந்த ஜூலை 15 அவருடைய திருநாள் ஆயிற்று. தெற்கே, 1016-இல் கொல்லப்பட்ட, இன்றைய மொண்டெனேக்ரோ பக்கம் இருந்த தூக்லியா நாட்டின் அரசர் யொவான் விளாதிமிரும் புனிதராக வணங்கப்படுகிறார். மொண்டெனேக்ரோவின் பார் நகரத்துக்கு அவரே காவலர்.

ஸ்லாவிய எல்லைக்கு வெளியே இப்பெயர் சென்ற வழி இன்னும் சுவையானது. மொனொமாக்கின் பேத்தி இங்கெபோர்க் டென்மார்க் இளவரசர் கனூட் லவார்டுக்கு வாழ்க்கைப்பட்டார். 1131-ஆம் ஆண்டு ஜனவரியில் கணவர் கொலையுண்ட சில நாட்களில் பிறந்த ஆண் குழந்தைக்கு அவர் தம் பாட்டனாரின் பெயரை வைத்தார். டேனிஷ் நாவில் அது வால்தமார். அக்குழந்தை வளர்ந்து ‘மாபெரும்’ வால்தமார் என்னும் அரசரானதும், பெயர் டென்மார்க், ஸ்வீடன், ஜெர்மனி எங்கும் பரவியது. ஜெர்மானிய மொழிகளிலும் ஆட்சிக்கும் புகழுக்கும் இதே வேர்கள் இருந்ததால், அங்கே யாரும் அதை அயற்பெயராக உணரவில்லை. எஸ்தோனியாவின் வொல்தெமார், லாத்வியாவின் வால்தெமார்ஸ் ஆகியவை மேற்கே போய்த் திரும்பிக் கிழக்குக் கரை சேர்ந்த வடிவங்கள்.

ஊர்ப் பெயர்களில் ஒன்றைமட்டும் சொல்ல வேண்டும். உக்ரைனின் வொலின் வட்டாரத்தில் அந்தப் பழைய அரசர் பெயரால் அமைந்த வொலொதிமிர் நகரத்தின் பெயர், ஹங்கேரிய அரசர்களின் லத்தீன் பட்டங்களில் ‘லோதோமேரியா’ என்று உருமாறியது. 1772-இல் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டபோது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு அந்தப் பழைய பட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, தான் பிடித்த நிலத்துக்குக் கலீசிய-லோதோமேரிய அரசு என்று பெயர் சூட்டியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வொலொதிமிர் நகரம் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்குள் அடங்கவே இல்லை. அது பின்னர் ரஷ்யப் பேரரசுக்குப் போயிற்று. ரஷ்யாவில் மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள இன்னொரு விளாதிமிரிலிருந்து பிரித்துக்காட்ட வொலொதிமிர்-வொலின்ஸ்கி என்று வழங்கிய அந்த நகரத்துக்கு, உக்ரைன் நாடாளுமன்றம் 2021-இல் வொலொதிமிர் என்ற தனிப்பெயரையே திரும்பத் தந்தது.

அலுவல் எழுத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், ரஷ்யர்களிடமும் பழைய வடிவம் அழியவில்லை என்பது தெரியும். விளாதிமிர் என்ற மகனை ரஷ்யத் தாய் அழைப்பது வொலோத்யா. இன்னும் செல்லமாக வோவா, வோவ்கா, வோவொச்கா. சான்றிதழில் கோயில் வடிவமும் சமையலறையில் நாட்டு வடிவமுமாக, ஆயிரம் ஆண்டுப் பங்கீடு ஒரே ஆளின் பெயரில் இன்றும் நடக்கிறது. என்னைக் கேட்டால் மொழி வரலாற்றுப் பாடம் அனைத்தையும் இந்த ஒரு செல்லப்பெயரில் வைத்துக் கற்பித்துவிடலாம். போலந்தில் வ்லொதெக், செர்பியாவிலும் குரோவாசியாவிலும் விளாதோ, செக் நாட்டில் விளாத்யா. உக்ரைனியத்தில் நேரில் விளிக்கும்போது ‘வொலொதிமிரே!’ என்று ஈறு மாறும். அம்மொழியில் விளிவேற்றுமை இன்றும் நடைமுறையில் உண்டு. ரஷ்யாவில் மரியாதையாக அழைக்கத் தந்தைவழிப் பெயரையும் சேர்க்க வேண்டும். புதினின் தந்தைக்கும் அதே பெயர் என்பதால் அவர் விளாதிமிர் விளாதிமிரொவிச். ஸெலென்ஸ்கி, தந்தை பெயர் ஒலெக்சாந்தர் ஆதலால், வொலொதிமிர் ஒலெக்சாந்த்ரொவிச்.

1924-இல் விளாதிமிர் இலியிச் லெனின் மறைந்தபின் சோவியத் நாடு இப்பெயரைப் புதுவகையில் உடைத்துக் கட்டியது. விளாதிமிர், லெனின் இரண்டையும் சேர்த்து விளாத்லென். மூன்று முதலெழுத்துத் துண்டுகளை இணைத்து விலேன். லெனினைத் திருப்பிப் படித்தால் வரும் நினேல் பெண் குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் இடதுசாரிக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு லெனின் என்று பெயரிட்டன. அது அவருடைய புனைபெயர். இயற்பெயரான விளாதிமிர் நம் ஊரில் அவ்வளவாகப் புழங்கவில்லை.

சோவியத் உக்ரைனில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு இருமொழியில் அச்சாகியது. ஒரே ஆள் ரஷ்ய மொழிப் பகுதியில் விளாதிமிர், உக்ரைனிய மொழிப் பகுதியில் வொலொதிமிர். இரு மொழியினரும் ஒருவர் பெயரை மற்றவர் மொழிக்கு மாற்றியே எழுதும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ரஷ்ய ஏடுகள் ‘விளாதிமிர் ஸெலென்ஸ்கி’ என்றும், உக்ரைனிய ஏடுகள் ‘வொலொதிமிர் புதின்’ என்றும் எழுதுவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பழைய அரசர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சண்டை. கீவில் தினிப்ரோ ஆற்றைப் பார்த்தபடி 1853 முதல் அவருடைய சிலை நிற்கிறது. மாஸ்கோவில் கிரெம்ளினை ஒட்டி 2016 நவம்பர் 4 அன்று புதின் முன்னிலையில் அதைவிடப் புதிய, பெரிய சிலை ஒன்று திறக்கப்பட்டது. உக்ரைனின் ஒரு ஹ்ரிவ்னியா நாணயத்தில் அவர் உருவம் உண்டு. 1992-இல் நாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்ட திரிசூலம் அவர் காசுகளின் மறுபக்கத்திலிருந்து எடுத்தது. 2023-இல் உக்ரைன் தன் அரசுரிமை நாளை ஜூலை 28-லிருந்து ஜூலை 15-க்கு, திருத்திய நாட்காட்டிப்படி அமைந்த அவருடைய திருநாளுக்கே, மாற்றிக்கொண்டது.

தமிழில் எழுதுவோருக்கு இதிலிருந்து நடைமுறையில் சில உதவிகள் கிடைக்கின்றன. ஸ்லாவிய மொழிகளில் இப்பெயரின் நடுவே வருவது பல்லில் நாப்பட்டு எழும் தகரம். ஆங்கிலம் வழியாக வந்த ‘விளாடிமிர்’ என்னும் டகரத்தைவிட ‘விளாதிமிர்’ உண்மையான ஒலிக்கு நெருக்கமானது. இன்று வாழ்பவர் எவராயினும் அவர் தம் மொழியில் எப்படித் தம்மை எழுதுகிறாரோ அதையே பின்பற்றுவது முறை. ஆகவே உக்ரைன் அதிபருக்கு வொலொதிமிர், ரஷ்ய அதிபருக்கு விளாதிமிர். 1015-இல் இறந்த கீவ் அரசருக்கு, அவர் காசை ஆதாரமாகக் கொண்டு விளாதிமிர் என்றும், அவர் வழித்தோன்றலின் அறிவுரையை ஆதாரமாகக் கொண்டு வொலொதிமிர் என்றும் எழுதலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்துகொள்கிறேன். அவருடைய குடிமக்கள் பேச்சில் வழங்கியது அதுதான். ஆனால் முதலாவதை எழுதுபவரை மாஸ்கோவின் பக்கம் சாய்ந்தவர் என்று குற்றம் சாட்டுவதற்குப் பத்தாம் நூற்றாண்டின் கீவ் நகரமே இடம்தராது.